வயலைப் பார்த்து மடையைச் சொல்லும் ஸ்கேன்

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"அம்மாவுக்கு வயது 64. இருபது வருடமாகச் சர்க்கரை. கிரியேட்டினின் 2.6. நான்கு மாதம் முன்பு மதுரையில் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்தோம். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், பாத்ரூம் போய்விட்டுத் திரும்பும்போது மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் வீங்கியிருந்தது. நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம் என்றார்கள். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தைக் கிட்னி தாங்காது என்று நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'கட்டி இருக்க மிக அதிக வாய்ப்பு' என்றுதான் இருக்கிறது. உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேலாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இன்னமும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் மறுபடியும் அதே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். நல்ல ஸ்கேன் எடுக்க வழியில்லாமல்தான் இதை எடுத்தார்களா? அணுக்கதிர் இரண்டு முறை உடம்பில் ஏறினால் புற்றுநோய் வராதா? வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. 'மூணு மாசம் ஆச்சுல்ல, மாத்திரையை நிறுத்திரு' என்கிறார் தாய்மாமா. எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இது வருமா?"

முதலில் தாய்மாமாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் என்பது டாக்டர் உட்கார்ந்து மறுபடி யோசிக்க வேண்டிய நாள். அன்றோடு மாத்திரை முடிந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. அதுவும் அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது என்னும்போது, இந்த ஸ்கேன் முடிவு கையில் வரும்வரை ஒருவேளை மாத்திரைகூட விடுபடக் கூடாது.

இனி உங்கள் பெரிய சந்தேகத்துக்கு வருவோம். எடுத்தது மட்டமான ஸ்கேனா? இல்லை. நான் இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை பார்ப்பவள். என் கடைச் சரக்கை நானே புகழ்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மேலூர்க்காரருக்கு மடை அடைப்பை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பெரியாறு பாசனத்தின் கடைமடை நீங்கள்தான். தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கலாம். கால்வாய்க் கரையோடு நடந்துபோய் எங்கே அடைப்பு என்று கண்ணால் பார்ப்பது ஒன்று. வயலைப் பார்ப்பது இன்னொன்று. ஒரு மடைக்குக் கீழே உள்ள வயல் மட்டும் வரிசையாகக் காய்ந்து, மற்றதெல்லாம் பச்சையாக இருந்தால், மடையைப் பார்க்காமலே எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சி.டி. ஸ்கேன் கரையோடு நடக்கிற வேலையைச் செய்கிறது. கையில் அயோடின் கலந்த மருந்தை வேகமாக ஏற்றி, அது நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஓடும் சில நொடிகளுக்குள் படம் எடுக்கிறார்கள். கட்டி இருந்தால் வெள்ளைக் குழாய்க்குள் கறுப்பாகத் தெரியும். வேகம், தெளிவு இரண்டும் உண்டு. கட்டி இல்லாமல் நிமோனியாவோ வேறு கோளாறோ இருந்தால் அதையும் காட்டிவிடும். இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம். அதனால்தான் பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்று அதுதான் முதல் சோதனை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். உங்கள் அம்மாவின் வயதுக்கு கிரியேட்டினின் 2.6 என்றால் கிட்னியின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.-க்கும் கீழே போய்விட்டது. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் கிட்னியை இரண்டாம்பட்சமாக்கிவிட்டு சி.டி. எடுப்பதும் உண்டு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் விழாமல் இருந்திருக்கிறது, சில மணி நேரம் பொறுக்க முடிந்திருக்கிறது. அதனால் கிட்னியைக் காப்பாற்றி வேறு வழியில் போயிருக்கிறார்கள். அந்த டாக்டரை நான் பாராட்டுவேன்.

எங்கள் ஸ்கேன் வயலைப் பார்ப்பது. நுரையீரலில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வர வேண்டும்: மூச்சுக்குழாய் வழியாகக் காற்று, ரத்தக் குழாய் வழியாக ரத்தம். இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். காற்று போயிருக்கிறது, ரத்தம் மட்டும் ஒரு பகுதிக்குப் போகவில்லை, அந்தப் பகுதியும் ஆப்பு வடிவில் ஒரு கிளைக்குரிய இடமாகவே இருக்கிறது என்றால், அங்கே போகும் குழாயில் கட்டி. காற்று, ரத்தம் இரண்டுமே போகவில்லை என்றால் அது வயலே பாறையான கதை. நிமோனியா, சளி அடைப்பு, பழைய காசநோய்த் தழும்பு என்று காரணம் வேறாக இருக்கும்.

நம் பக்கத்தில் இந்தத் தழும்புதான் எனக்குப் பெரிய தலைவலி. எப்போதோ தோப்பூர் ஆஸ்பத்திரியில் காட்டி டிபி மாத்திரை முழுசாகச் சாப்பிட்டுக் குணமானவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். முப்பது வருடக் கதை, இப்போது எதற்கு என்று நினைப்பார்கள். நுரையீரல் மேல்பகுதியில் அந்த வடு படத்தைக் குழப்பும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் புதிதாக ஒரு எக்ஸ்ரே கேட்கிறோம். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்திருந்தால் இந்த முறை மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேன் அன்று உள்ளே என்ன நடந்தது என்று கண்ணாடிக்கு வெளியே நின்ற உங்களுக்குத் தெரிந்திருக்காது. முதலில் ஆஸ்துமாவுக்கு வைப்பதுபோல ஒரு நெபுலைசர். மூக்கில் கிளிப் போட்டு, வாய் வழியாகச் சில நிமிடம் மருந்துப் புகையை இழுக்கச் சொல்வோம். டெக்னீசியம் 99எம் என்ற, கதிர்வீச்சை வெளியிடும் தனிமம் கலந்த நுண்துளிகள் அவை. காற்று போகிற இடமெல்லாம் போய்ப் படியும். அந்தக் கதிரைப் படமாக்கும் காமா கேமரா முன்னால், பின்னால், பக்கவாட்டில், சாய்வில் எனப் பல கோணங்களில் படம் எடுக்கும்.

அப்புறம் ஊசி. மனித ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைச் சிறு துகள்களாகத் திரித்து, அதே டெக்னீசியத்தை அதில் ஒட்டியிருப்போம். ஓர் ஊசியில் சில லட்சம் துகள்கள். பெரும்பாலானவை தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை, ஆனால் நுரையீரலின் நுண்குழாய்களைவிடப் பெரியவை. ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போய்ச் சிக்கி நிற்கும். கட்டியைத் தேடுகிறேன் என்று இவர்களே குழாயை அடைக்கிறார்களா என்று கேட்பீர்கள். உண்மைதான், அடைக்கத்தான் செய்கிறோம். ஆனால் அடைபடுவது ஆயிரம் நுண்குழாய்களில் ஒன்றுக்கும் குறைவு. துகள்கள் சில மணி நேரத்தில் உடைந்து கரைந்துவிடும்.

இந்த ஊசி போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிரிஞ்சை நிமிர்த்தி வைத்தால் துகள்கள் அடியில் தங்கிவிடும், கஞ்சியில் பருக்கை தங்குவது மாதிரி. அதனால் போடுவதற்கு முன் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் ரத்தம் நுரையீரலின் அடிப்பகுதிக்கே அதிகம் போகும், மேல்பகுதி பொய்யாக வெறிச்சோடித் தெரியும். ஊசி நரம்பில்தான் இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுக்கவே கூடாது. இழுத்தால் துகள்கள் ரத்தத்தோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகிவிடும். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். படம் முழுக்கத் கார்த்திகை அகல்விளக்கு மாதிரி புள்ளி புள்ளியாக எரிந்தது. நோயாளி பாவம், மறுநாளும் வரவேண்டியதாயிற்று.

இது புதுசாக வந்த சோதனையும் இல்லை. மனிதருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971-ல். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1964-ல், அமெரிக்காவில் ஹென்றி வாக்னரும் டேவிட் சபிஸ்டனும் அவர்கள் குழுவினரும் இந்த ஆல்புமின் துகள் முறையில் நுரையீரல் கட்டியைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள்.

சரி, ரிப்போர்ட்டின் அந்த மழுப்பலான வாசகம். 'மிக அதிக வாய்ப்பு' என்பது டாக்டர் தப்பித்துக்கொள்ள எழுதியது இல்லை. 1990-ல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஸ்கேனில் 'அதிக வாய்ப்பு' என்று வந்து, குழாய்க்குள் நேரடியாக மருந்து செலுத்தியும் சோதித்துப் பார்த்தவர்கள் 116 பேர். அவர்களில் 102 பேருக்குக் கட்டி இருந்தது. நூற்றுக்கு 88. அங்கிருந்து வந்ததுதான் இந்த 'அதிக வாய்ப்பு, நடு வாய்ப்பு, குறைந்த வாய்ப்பு' என்ற பாஷை. இப்போது பல இடங்களில் 'கட்டி உண்டு', 'இல்லை' என்றே எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் கையில் 'வாய்ப்பு' என்று ஒரு தாளைக் கொடுத்தனுப்புவது எனக்குப் பிடிக்காது.

ஸ்கேனைத் தனியாக வைத்தும் பார்க்கக் கூடாது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து சில நாள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம். திடீரென்று மூச்சுத் திணறல். இத்தனையும் சேர்ந்த அம்மாவுக்கு ஸ்கேனும் 'மிக அதிகம்' என்று சொன்னால், அங்கே கட்டி இருந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். காலின் ஆழத்திலுள்ள ரத்தக் குழாயில் உருவானது பிய்ந்து, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக் கட்டி தெரிந்திருந்தாலும் இதே மருந்தைத்தான் ஆரம்பித்திருப்பார்கள். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை கூடியிருந்தால் அதை மட்டும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆபரேஷன் ஆனவர் யாருக்கு எடுத்தாலும் அது கூடித்தான் இருக்கும். குறைவாக இருந்தால்தான், கட்டி இல்லை என்று சொல்ல அதனால் பிரயோஜனம்.

இப்போது ஏன் மறுபடியும்? என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் இதுதான். பெரும்பாலானவர்களுக்குக் கட்டி மருந்தாலும் உடம்பின் சொந்த முயற்சியாலும் சில வாரங்களில், சில மாதங்களில் கரைந்துவிடும். சிலருக்கு மட்டும் முழுதாகக் கரையாது. குழாயின் உள்சுவரோடு ஒட்டி, வலைபோலவும் தழும்பாகவும் இறுகிவிடும். அப்புறம் நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது பக்கம் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிறகும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், டாக்டருக்கு முதலில் வரவேண்டிய சந்தேகம் இது. இந்த வலைத் தழும்பைச் சி.டி.யில் தவறவிடுவது எளிது. கரையோடு நடப்பவன் கண்ணுக்குக் கால்வாய் திறந்துதான் கிடக்கும், ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்காது. வயலைப் பார்க்கிறவனிடம் அதை மறைக்க முடியாது. அதனால் கிட்னி நன்றாக இருக்கிறவர்களுக்கும்கூட இந்தச் சந்தேகத்துக்கு முதலில் எடுக்கச் சொல்வது எங்கள் ஸ்கேனைத்தான். ரத்த ஓட்டம் எல்லா இடத்திலும் சரியாக இருந்தால் அந்த நோய் இல்லை என்று துணிந்து சொல்லலாம். மூச்சு வாங்குவதற்கு வேறு காரணம் தேடலாம்: ரத்தசோகை, இதயம், கிட்னியால் உடம்பில் தங்கும் நீர், ஏன், நான்கு மாதம் நடக்காமல் உட்கார்ந்தே இருந்ததால் வந்த தளர்ச்சியாகவும் இருக்கலாம். ஓட்டம் சரியில்லை என்றால் எக்கோ என்ற இதய ஸ்கேனில் வலது பக்க அழுத்தம் பார்ப்பார்கள். தழும்பை உரித்தெடுக்கும் ஆபரேஷன், பலூன் சிகிச்சை, அதற்கான மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் செய்வதில்லை, ஆனால் வழி இருக்கிறது.

இன்னொரு உபயோகமும் உண்டு. நாளைக்கே அம்மாவுக்கு மறுபடி மூச்சுத் திணறினால், தெரிவது பழைய கட்டியா, புதிதா என்று இந்த ஸ்கேனால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அது எங்கள் ஸ்கேனின் பலவீனம். இப்போது ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கதிர்வீச்சு. 'நியூக்ளியர்' என்ற பெயரைக் கேட்டதும் கூடங்குளம் ஞாபகம் வருகிறது, புரிகிறது. எங்களிடம் இருப்பது ஈயக் கூட்டுக்குள் ஒரு சிறிய கண்ணாடிக் குழல். அதில் மாலிப்டினம் 99 இருக்கும். அது தானாகவே டெக்னீசியமாக மாறிக்கொண்டே வரும். காலையில் உப்புநீரை அதன் வழியாக விட்டு டெக்னீசியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்கள் தொழிலில் அந்தப் பெட்டியைப் 'பசு' என்றும், இதைப் பால் கறப்பது என்றும்தான் சொல்வோம். மாலிப்டினம் 66 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால் ஒரு வாரத்தில் பசு ஏறக்குறைய வற்றிவிடும், ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கறந்த டெக்னீசியமோ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாள் போனால் பதினாறில் ஒரு பங்கு. இதனால்தான் பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்து மணிக்கே வரவேண்டும் என்று எங்கள் ஆட்கள் கறாராக இருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்தால் மருந்தின் வீரியம் குறைந்திருக்கும்.

அம்மாவுக்கு ஒரு ஸ்கேனில் சேரும் அளவு சுமார் இரண்டு மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு ஒரு வருடத்தில் இயற்கையாகவே சேர்வது சராசரியாக 2.4. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் மணலிலேயே கதிர்வீச்சு உண்டு, அங்கே குடியிருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். நெஞ்சுக்குச் சி.டி. எடுத்திருந்தாலும் இதைவிட அதிகமாகத்தான் சேர்ந்திருக்கும். 64 வயதில் இரண்டு ஸ்கேனால் வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. தெரியாமல் விட்டுவிட்ட கட்டியால் வரும் ஆபத்தோ அந்த வாரமே வரும்.

கிட்னிக்கு இந்த மருந்தால் கெடுதல் இல்லை. ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வோம். அம்மாவுக்கு மட்டும் கிட்னி டாக்டர் சொன்ன அளவுதான்.

பேரக்குழந்தை விஷயத்தில் கவலை வேண்டாம். அன்று ராத்திரி வரை மடியில் வெகுநேரம் வைத்திருக்க வேண்டாம், பக்கத்தில் படுக்கவைக்க வேண்டாம். கூப்பிட்டுக் கொஞ்சலாம். மறுநாள் காலையில் தாராளமாகத் தூக்கலாம். உங்கள் மனைவி தாய்ப்பால் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கே இந்த ஸ்கேன் எடுத்தால்தான் பன்னிரண்டு மணி நேரம் பால் கொடுக்காமல், பீய்ச்சிக் கொட்டச் சொல்வோம்.

வீட்டுப் பெண்களுக்கு வருமா? அம்மாவுக்கு வந்தது ஆபரேஷனால். அதற்காகக் குடும்பத்தில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். மூச்சுத் திணறி வரும் இளம்பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்பதுதான். சித்திரைத் திருவிழா, குலதெய்வக் கும்பிடு, வீட்டில் கல்யாணம் என்றால் மாதவிலக்குத் தேதி தள்ளிப்போக மெடிக்கலில் தாங்களே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். அதனால் எல்லாருக்கும் கட்டி வந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே கட்டி வந்தவர்கள், உடம்பு பருமனானவர்கள், பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. உங்கள் மனைவியிடமும் சொல்லிவையுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்று பாருங்கள். முழங்கால் வலிக்கிறது என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். மிச்சமிருக்கும் கிட்னியையும் அது கெடுக்கும். அவர் சாப்பிடுவது ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு மாற்றும் மாத்திரை என்றால், முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது. எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும். மயக்கம், இருமலில் ரத்தம், திடீர் மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சர்க்கரைக்காரர், காலையில் வழக்கம்போல இட்லி சாப்பிட்டுவிட்டே வரட்டும். போன முறை எடுத்த ஸ்கேனின் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள், படத்தையும் அது பதிந்த சிடி தட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கூடவே அம்மாவின் மாத்திரைப் பையையும், எதையும் எடுத்து வைக்காமல், அப்படியே.